டெஸ்க்டாப்பை டிவியில் மாட்டுறது: கேபிளுக்கு முன்னாடி எர்த்து

(எபிசோடின் எழுத்து வடிவம். திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் குறைச்சிருக்கோம். மற்றபடி பேசினது பேசினபடி.)

வணக்கம் மக்களே. இந்த "மக்களே" யூட்யூப்ல வர்ற மக்களே இல்ல. எங்க ஊர்ல, நாகர்கோவில் பக்கம், பெத்த பிள்ளையைக் கூப்பிடுறதே அப்படித்தான். எதிர்ல ஒரே ஒரு பிள்ளை நின்னாலும் "மக்களே"தான்.

இன்னைக்கு விஷயம், டெஸ்க்டாப் கம்ப்யூட்டரை எச்டி டிவியோட இணைக்கிறது. கேட்டவுடனே "இதுல பேச என்ன இருக்கு, ஒரு எச்டிஎம்ஐ கேபிள் வாங்கி ரெண்டு பக்கமும் சொருகினா முடிஞ்சது"ன்னு தோணும். படம் வந்துரும், அது நிஜம். சினிமா பாக்க மட்டும்னா அதோட எழுந்து போயிடலாம். ஆனா அந்தத் திரையில எழுத்தைப் படிக்கணும்னா, அதுவும் மணிக்கணக்கா படிக்கணும்னா, டிவியும் கம்ப்யூட்டரும் அடுத்த இடி மழைக்கு அப்புறமும் உயிரோட இருக்கணும்னா, இன்னும் கொஞ்சம் வேலை இருக்கு.

எனக்கு இந்த வேலை வந்தது அப்பாவால. தமிழ் வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவர். விழித்திரையோட நடுப்பகுதி கொஞ்சம் கொஞ்சமா தேய்ஞ்சுட்டு வருது. ஓரமா இருக்கிறது தெரியும், நேரா பாக்கிறது மங்கும். கண்ணாடி மாத்தி சரியாகிற விஷயம் இல்ல. எழுத்து பெருசா இருக்கணும், எழுத்துக்கும் பின்னணிக்கும் நல்ல வித்தியாசம் இருக்கணும், அவ்வளவுதான் இப்போதைக்கு வழின்னு டாக்டர் சொல்லிட்டார். போன்ல பெருசு பண்ணினா ஒரு வரியைப் படிக்க நாலு தடவை விரலை இழுக்கணும். அவருக்குப் பொறுமை கிடையாது. வீட்ல பயன்படுத்தாம ஒரு பழைய டெஸ்க்டாப், சுவத்துல 43 இஞ்ச் ஃபுல் எச்டி டிவி. ரெண்டையும் சேத்து வச்சா என்னன்னு யோசிச்சேன். புது மானிட்டர் வாங்க வேண்டாம், இருக்கிறதை வச்சே பாத்துக்கலாம்னு.

கேபிள் வாங்குறதுக்கு முன்னாடி நான் பாத்தது சுவத்துல இருக்கிற ப்ளக் பாயிண்டை. அதனால அங்கிருந்தே தொடங்குறேன். இந்த எபிசோடுல வேற எதையும் மறந்தாலும் பரவாயில்ல, இந்தப் பகுதியை மறக்காதீங்க.

எர்த்து

எங்க வீடு முதல்ல ஓட்டு வீடு. பொறவு முன்பக்கம் மட்டும் கான்கிரீட் போட்டது. வயரிங் பாதி பழசு, பாதி புதுசு. ஹால்ல டிவி பக்கத்துல இருக்கிற சாக்கெட்டுக்கு மூணு ஓட்டை உண்டு. டெஸ்க்டாப்பை அதுல மாட்டி ஆன் பண்ணிட்டு, பின்பக்கத் தகரத்துல புறங்கையை வச்சா சுர்ருன்னு ஒரு கூச்சம். டெஸ்டரை வச்சா மங்கலா எரியுது. நிறைய வீட்ல இது நடக்கும். "லேசா ஷாக் அடிக்கும், செருப்பு போட்டுக்கோ"ன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க.

என்ன நடக்குதுன்னா, கம்ப்யூட்டரோட பவர் சப்ளைக்குள்ள மின்சாரத்துல வர்ற இரைச்சலை வடிகட்ட சின்னச் சின்ன கெப்பாசிட்டர் இருக்கும். ஒண்ணு ஃபேஸ்ல இருந்து பெட்டியோட தகரத்துக்கு. இன்னொண்ணு நியூட்ரல்ல இருந்து அதே தகரத்துக்கு. மூணாவது ஓட்டையில நிஜமாவே எர்த்து இருந்தா, கசியுற துளி கரண்ட் அது வழியா மண்ணுக்குப் போயிரும். எர்த்து இல்லேன்னா போக்கிடம் இல்லாம, தகரம் 230 வோல்ட்டுல ஏறக்குறைய பாதியில மிதக்கும். சுமார் 115 வோல்ட். பயப்படாதீங்க, அதுல ஓடுற கரண்ட் ரொம்பக் கொஞ்சம், கூச்சம்தான் தெரியும். ஆனா பவர் சப்ளை பழுதாகி ஃபேஸ் வயர் நேரா தகரத்தைத் தொட்டுட்டா கதை வேற. எர்த்து இல்லாத வீட்ல அப்போ தொடுற ஆள்தான் எர்த்து.

இதுக்கும் டிவிக்கும் என்ன சம்பந்தம்? பெரும்பாலான டிவிக்கு ரெண்டு பின் ப்ளக்தான், அதுக்குன்னு தனியா எர்த்து கிடையாது. ஆனா டிவிக்குப் பின்னாடி வந்து சேர்ற கேபிள் டிவி வயரோ டிஷ் வயரோ இருக்கே, அதோட வெளிப்பின்னல் வேற எங்கேயோ, போஸ்ட்லயோ மொட்டைமாடியிலயோ, மண்ணைத் தொட்டிருக்கும். செட்டாப் பாக்ஸ் வழியா டிவியோட உடம்பும் அந்தப் பக்கம் சாஞ்சிருக்கும். ஒரு பக்கம் 115 வோல்ட்டுல மிதக்கிற பெட்டி, இன்னொரு பக்கம் மண்ணைத் தொட்ட டிவி. நடுவுல நீங்க எச்டிஎம்ஐ கேபிளைச் சொருகுறீங்க. ரெண்டு பக்கமும் சமமாகணுமே, அந்த சமாதானப் பேச்சு அந்தப் போர்ட் வழியாதான் நடக்கும். போர்ட்டுக்குப் பின்னாடி இருக்கிற சிப் அஞ்சு வோல்ட், அதுக்கும் கீழே வேலை செய்றதுக்காகச் செஞ்சது. "நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு, கேபிளை மாட்டினேன், எச்டிஎம்ஐ ஒண்ணு போச்சு"ன்னு யாராவது சொன்னா, கேபிளைத் திட்டுறதுக்கு முன்னாடி எர்த்தைக் கேளுங்க.

அடுத்தது இடி. எங்க மாவட்டத்துக்கு மழை ரெண்டு தவணை. ஜூன்ல தென்மேற்கு, அக்டோபர்ல வடகிழக்கு. இடி மின்னல் பெரும்பாலும் ஏப்ரல், மே மாசத்துச் சாயங்காலங்கள்லயும், அக்டோபர், நவம்பர்லயும். மின்னல் நேரா வீட்டுமேல விழணும்னு இல்ல. பக்கத்துல எங்க விழுந்தாலும், தெருத்தெருவா நீண்டு கிடக்கிற கேபிள் வயர்ல ஒரு அலை பாயும். அது டிவிக்குள்ள வரும். இதுவரைக்கும் டிவியோட நின்னது, நீங்க எச்டிஎம்ஐ மாட்டின நாள்ல இருந்து டெஸ்க்டாப்புக்கும் போக வழி கிடைச்சாச்சு. எங்க தெருவுலயே ஒரு வீட்ல ஒரே சாயங்காலத்துல டிவி, செட்டாப் பாக்ஸ், அதோட இணைஞ்ச கம்ப்யூட்டர் மூணும் போச்சு. மூணையும் சேத்தது ரெண்டு கேபிள்.

அதனால எலெக்ட்ரீசியன் அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். அவர் ஒரு பல்பை ஹோல்டர்ல போட்டு, ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவுல வச்சார், பளிச்சுன்னு எரிஞ்சது. ஃபேஸுக்கும் மூணாவது ஓட்டைக்கும் நடுவுல வச்சார், ஒண்ணுமே இல்ல. கழட்டிப் பாத்தா மூணாவது ஓட்டைக்குப் பின்னாடி வயரே கிடையாது. "அழகுக்கு வச்சிருக்கு தம்பி"ன்னார். புழக்கடையில எர்த்து குழியைச் சரி பண்ணி, புது வயர் இழுத்து ஹாலுக்குக் கொண்டு வந்தார். மெயின்ல ஆர்சிசிபியும் போட்டாச்சு. கரண்ட் கசிஞ்சா கண் இமைக்கிற நேரத்துக்குள்ள அணைச்சிடும். இந்த பல்பு டெஸ்ட்டை நீங்களா வீட்ல பண்ணிப் பாக்காதீங்க. தெரிஞ்ச ஆளைக் கூப்பிடுங்க, ஒரு மணி நேர வேலை.

சென்னை, பெங்களூர் அப்பார்ட்மெண்ட்ல இருக்கிறவங்க "எங்க சுவத்துல எர்த்து உண்டு"ன்னு சொல்வீங்க. சரி, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்? மூணு ஓட்டை இருக்கும், அதோட வயருக்குள்ள ரெண்டே கம்பி இருக்கும். இல்லேன்னா மூணு பின் ப்ளக்கை ரெண்டு பின்னா மாத்துற ஒரு குட்டி அடாப்டர். சுவத்துல இருக்கிற எர்த்து அதோட செத்தது.

இணைக்கிற முறை இதுதான். ரெண்டையும் ஆஃப் பண்ணி, ப்ளக்கையும் உருவிடுங்க. செட்டாப் பாக்ஸுக்கு வர்ற கேபிள் வயரைக் கழட்டுங்க. அப்புறம் எச்டிஎம்ஐ மாட்டுங்க. டிவி, டெஸ்க்டாப், செட்டாப் பாக்ஸ் மூணும் எர்த்து உள்ள ஒரே பவர் ஸ்ட்ரிப்ல இருக்கட்டும். அதுக்கு அப்புறம் கேபிள் வயர், கடைசியா கரண்ட். இடி சத்தம் தூரத்துல கேட்கும்போதே கேபிள் வயரையும் ப்ளக்கையும் உருவிடணும். சுவிட்சை மட்டும் அணைச்சா பத்தாது.

எந்த ஓட்டை, எந்த கேபிள்

எங்க டெஸ்க்டாப்புக்கு எச்டிஎம்ஐ போர்ட்டே இல்ல. ஏதோ ஆபீஸ்ல இருந்து செகண்ட் ஹேண்டா வந்தது. பின்னாடி ஒரு விஜிஏ, ஒரு டிஸ்ப்ளேபோர்ட். பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர் நிறைய இப்படித்தான் இருக்கும்.

விஜிஏ 1987ல ஐபிஎம் கொண்டு வந்தது. நீல நிறத்துல 15 பின், ரெண்டு பக்கமும் திருகு. அது அனலாக், சத்தம் போகாது, படம் மட்டும்தான். எச்டிஎம்ஐயோட முதல் வரையறை 2002 கடைசியில வந்தது. 19 பின், டிஜிட்டல், படமும் சத்தமும் சேர்ந்தே போகும். டிஸ்ப்ளேபோர்ட் 2006ல, அதுவும் டிஜிட்டல். அதனால விஜிஏவை விட்டுட்டு டிஸ்ப்ளேபோர்ட்ல இருந்து எச்டிஎம்ஐக்குப் போறதுதான் புத்திசாலித்தனம்.

இங்க கடையில ஒரு குழப்பம் வரும். இந்த அடாப்டர் எல்லாம் ஒருவழிப் பாதை. "எச்டிஎம்ஐ டு விஜிஏ" வேற, "விஜிஏ டு எச்டிஎம்ஐ" வேற. தலைகீழா மாட்டினா வேலை செய்யாது. பேர்ல முதல்ல வர்றது கம்ப்யூட்டர் பக்கம், ரெண்டாவது டிவி பக்கம். கடையில அதைச் சொல்லியே கேளுங்க: "கம்ப்யூட்டர்ல டிஸ்ப்ளேபோர்ட், டிவியில எச்டிஎம்ஐ." விஜிஏ மட்டும்தான் இருக்குன்னா அதுக்கான கன்வர்ட்டருக்குத் தனியா யூஎஸ்பி கரண்ட் வேணும், சத்தத்துக்கு ஒரு ஆடியோ வயரும் வேணும். வேலை நடக்கும், எழுத்து கொஞ்சம் மங்கும்.

தனியா கிராஃபிக்ஸ் கார்டு போட்ட கம்ப்யூட்டரா இருந்தா, கேபிளை கார்டோட போர்ட்ல மாட்டுங்க. மதர்போர்டுலயும் ஒரு எச்டிஎம்ஐ இருக்கும், அதுல மாட்டிட்டு "நோ சிக்னல்"னு உக்காந்திருக்கிறவங்க நிறைய. சில பிராசசர்ல உள்ளுக்குள்ள கிராஃபிக்ஸே இருக்காது. இன்டெல்ல நம்பருக்குப் பின்னாடி எஃப்னு முடியுதே, அதெல்லாம். அதுல மதர்போர்டு போர்ட் சும்மா ஓட்டைதான்.

கேபிள் விலையில ஏமாறாதீங்க. தங்க முலாம்னு சொல்றதுக்காக ஆயிரக்கணக்குல கொடுக்க வேண்டாம். டிஜிட்டல் சிக்னல், வந்தா முழுசா வரும், இல்லேன்னா புள்ளி புள்ளியா மின்னும், அறுந்து போகும். மூணு மீட்டருக்குள்ள சாதாரண ஹை ஸ்பீடு கேபிளே போதும். பத்து மீட்டர் இழுத்து 4கே ஓட்டணும்னாதான் யோசிக்கணும். 4கே டிவி வச்சிருக்கிறவங்க ஒண்ணு கவனிங்க: எச்டிஎம்ஐ 1.4 வரைக்கும் உள்ள பழைய போர்ட்ல 4கே வந்தா நொடிக்கு 30 படம்தான். மவுஸை நகத்தினா பின்னாடியே இழுபட்டு வரும். 60 வேணும்னா ரெண்டு பக்கமும் 2.0 இருக்கணும், அது 2013ல வந்தது. பழைய கம்ப்யூட்டர்னா 4கே டிவியிலயும் 1080ல 60 வச்சுக்கிறது கண்ணுக்கு நல்லது.

ஒருத்தர் மெசேஜ்ல கேட்டிருந்தார், 2006ல தமிழ்நாடு அரசு இலவசமா கொடுக்க ஆரம்பிச்ச அந்த கலர் டிவி பரண்ல கெடக்கு, அதுல மாட்டலாமான்னு. மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஓட்டை உள்ள டிவி. கன்வர்ட்டர் கிடைக்குது, படமும் வரும். ஆனா அது பழைய பால் முறை டிவி, படத்துக்கு 576 கோடுதான். பழைய வீடியோ கேம் ஓட்டலாம், ரசனையா இருக்கும். எழுத்து படிக்க அது ஆகாது.

நீ டிவி இல்ல, மானிட்டர்

மாட்டியாச்சு, ஆன் பண்ணியாச்சு. விண்டோஸ் கீயோட பி அழுத்தினா எந்தத் திரையில காட்டணும்னு கேட்கும். டிவி மட்டும்தான்னா கடைசியில இருக்கிறதைத் தேர்ந்தெடுங்க. படம் வந்திருக்கும். அதைப் பாத்து "என்னடே இது, எழுத்தெல்லாம் புகையா இருக்கு"ன்னு தோணும். அப்பாவும் அதேதான் சொன்னார். கண்ணு மங்கினவருக்கே புகையா தெரிஞ்சா பாத்துக்கோங்க.

டிவி மேல தப்பு இல்ல. வர்றது சினிமாவோ கிரிக்கெட்டோன்னு நினைச்சு, அதை அழகாக்க ஏதேதோ பண்ணுது. எழுத்துக்கு அந்த அழகெல்லாம் விஷம்.

முதல்ல ஓரம் வெட்டுறது. கீழே இருக்கிற டாஸ்க்பார் பாதி காணோம், மூலையில இருக்கிற பெருக்கல் குறி காணோம்னா இதுதான். இதுக்குக் காரணம் பழைய குழாய் டிவி. அதுல படத்தோட ஓரம் எப்பவும் ஒழுங்கா நிக்காது, கரண்ட் ஏறி இறங்கினா படமும் சுருங்கி விரியும். அதை மறைக்க படத்தைக் கொஞ்சம் பெருசாக்கி ஓரத்தை சட்டத்துக்குப் பின்னாடி தள்ளிட்டாங்க. 80கள்ல எங்க பக்கம் மொட்டைமாடி ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பி திருவனந்தபுரம் தூர்தர்ஷனையும் இலங்கை ரூபவாஹினியையும் பிடிச்ச காலத்துல யாரும் ஓரத்தைப் பத்திக் கவலைப்படல, நடுவுல முகம் தெரிஞ்சா போதும். குழாய் போயி தட்டைத் திரை வந்தாச்சு, பழக்கம் மட்டும் போகல. டிவி மெனுவுல படத்தோட அளவு இருக்கிற இடத்துல அதை நிறுத்தலாம். எல்ஜியில ஜஸ்ட் ஸ்கேன், சோனியில ஃபுல் பிக்சல், சாம்சங்ல ஃபிட் டு ஸ்கிரீன் மாதிரி பேர்ல இருக்கும். அதைப் போட்டதும் ஓரம் திரும்பி வரும், அதோட எழுத்தும் பாதி தெளியும். ஏன்னா படத்தைப் பெருசாக்கும்போது ஒரு புள்ளி ஒரு புள்ளிக்குக் கொஞ்சம் மேல ஆகி எல்லாம் இழைஞ்சு போயிருந்தது.

அடுத்தது வண்ணம். கறுப்பு எழுத்து ஓரளவு சரியா இருக்கு, சிவப்பு எழுத்தும் நீல லிங்க்கும் மட்டும் கசிஞ்ச மாதிரி இருக்குன்னா இதைப் பாருங்க. நம்ம கண்ணு வெளிச்சத்தோட வித்தியாசத்தை நுணுக்கமா பிடிக்கும், நிறத்தோட வித்தியாசத்தை அவ்வளவு பிடிக்காது. அதனால வீடியோவுல மிச்சம் பிடிக்கிறதுக்காக, வெளிச்சத்தை ஒவ்வொரு புள்ளிக்கும் வச்சுக்கிட்டு, நிறத்தை மட்டும் நாலு புள்ளிக்குச் சேத்து ஒண்ணா கொடுப்பாங்க. சினிமாவுல தெரியாது. எழுத்துல தெரியும், அதுவும் தமிழ்ல. ஒரு ண-வுக்கும் ன-வுக்கும் வித்தியாசம் ஒரு சுழிதான். அந்தச் சுழி நாலு புள்ளிக்குள்ள அடங்கிட்டா ரெண்டும் ஒண்ணுதான்.

மருந்து எளிது. டிவியில இன்புட் லிஸ்ட்டுக்குப் போயி, நீங்க மாட்டின எச்டிஎம்ஐயோட பேரையோ ஐகானையோ "பிசி"ன்னு மாத்துங்க. எல்ஜி, சாம்சங் டிவிகள்ல இந்தப் பேர் மாத்துறது வெறும் லேபிள் இல்ல. பிசின்னு சொன்னதும் டிவி நிறத்தை முழுசா எடுத்துக்கும், அழகாக்குற வேலைகளையும் நிறைய நிறுத்திடும். இந்த வசதி இல்லாத டிவியில கேம் மோட் போட்டுப் பாருங்க. அப்புறம் ஷார்ப்னெஸ்ஸைக் குறைச்சுக்கிட்டே வாங்க. கூட்டினா தெளிவாகும்னு நினைப்போம், ஆனா அது எழுத்தைச் சுத்தி வெள்ளையா ஒரு கோடு போடும். விவிட் மோட், மோஷன் ஸ்மூத்திங் ரெண்டையும் அணைச்சிடுங்க. கறுப்பு சாம்பலா தெரிஞ்சாலோ, இருட்டான இடமெல்லாம் ஒரே மையா தெரிஞ்சாலோ, கம்ப்யூட்டர் பக்கமும் டிவி பக்கமும் ஆர்ஜிபி ரேஞ்ச் ஒத்துப்போகல. ரெண்டுலயும் ஃபுல், இல்ல ரெண்டுலயும் லிமிடெட்.

32 இஞ்ச் எச்டி ரெடி டிவி வச்சிருக்கிறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதோட திரை பெரும்பாலும் 1366க்கு 768 புள்ளிதான். ஆனா கம்ப்யூட்டர் கேட்கும்போது "எனக்கு 1920க்கு 1080 தெரியும்"னு பெருமையா சொல்லும். கம்ப்யூட்டரும் நம்பி அனுப்பும். டிவி அதை நசுக்கிக் காட்டும். லிஸ்ட்ல 1366 அல்லது 1360 இருந்தா அதை வைங்க. இல்லேன்னா 1280க்கு 720 வச்சு எழுத்தைப் பெருசா வச்சுக்கோங்க.

நாற்காலி எங்க இருக்கு

எனக்கே ஆச்சரியமா இருந்த கணக்கு இது. 43 இஞ்ச் டிவியோட அகலம் சுமார் 95 சென்டிமீட்டர். நம்ம சாதாரணப் புத்தகத்தோட பக்கம் 14 சென்டிமீட்டர் அகலம். பக்கத்தைத் திரை அகலத்துக்கு விரிச்சா ஏறக்குறைய 7 மடங்கு. 3 மில்லிமீட்டர் எழுத்து 2 சென்டிமீட்டர் ஆகும். கேக்கப் பிரமாதமா இருக்கு. ஆனா புத்தகத்தை 35 சென்டிமீட்டர் தூரத்துல வச்சுப் படிப்போம். டிவியை 2 மீட்டர் தள்ளி சோஃபாவுல இருந்து பாப்போம். அது கிட்டத்தட்ட 6 மடங்கு தூரம். 7 மடங்கு பெருசு, 6 மடங்கு தூரம். கண்ணுக்குள்ள விழுற எழுத்து கையில இருந்த புத்தகத்தை விட ஒரு துளிதான் பெருசு! சோஃபாவுல இருந்து படிக்கிறதா இருந்தா இவ்வளவு பாடும் வீண்.

நாற்காலியை 1 மீட்டருக்குக் கொண்டு வந்தா அதே எழுத்து ரெண்டரை மடங்கு பெருசாகும். அதுக்கு மேல ஜூம் பண்ணிக்கலாம், பாதி வரி தெரிஞ்சாலும் போதும்னு. ஆனா 1 மீட்டர் தூரத்துல, சுவத்துல அஞ்சடி உயரத்துல டிவி இருந்தா கழுத்து போயிரும். அதனால டிவியைச் சுவத்துல இருந்து இறக்கி, ஒரு மேசைமேல, திரையோட நடுப்பகுதி உக்காந்திருக்கிறவர் கண்ணுக்கு நேரா வர்ற மாதிரி வச்சோம். அம்மாவுக்கு இது பிடிக்கல. ஹால் அழகு போச்சுன்னு ரெண்டு நாள் முணுமுணுப்பு.

கிட்ட வந்தா புள்ளி தெரியாதான்னு கேட்பீங்க. ஃபுல் எச்டி 43 இஞ்ச்ல ஒரு புள்ளி அரை மில்லிமீட்டர். நல்ல கண்ணுக்கு ஒண்ணே முக்கால் மீட்டருக்குள்ள வந்தா சொரசொரப்பு தெரிய ஆரம்பிக்கும். மங்கின கண்ணுக்கு அது பிரச்சினையே இல்ல. உங்களுக்கு, இளவட்டத்துக்கு, பக்கத்துல உக்காந்து வேலை பாக்கணும்னா 4கே வாங்குங்க. 43 இஞ்ச் 4கே டிவிங்கிறது இருபத்தொண்ணரை இஞ்ச் ஃபுல் எச்டி மானிட்டர் நாலை ரெண்டுக்கு ரெண்டா ஒட்டின மாதிரி, புள்ளியோட நெருக்கம் அதேதான். புதுசா வாங்கப் போறவங்க இதை மட்டும் மனசுல வச்சுக்கோங்க, மத்த விளம்பரமெல்லாம் அப்புறம்.

அப்பாவுக்கு வச்சுக் கொடுத்தது ரொம்பக் கொஞ்சம். விண்டோஸ்ல எழுத்து அளவு 200 சதவீதம். விண்டோஸ் கீயோட பிளஸ் அழுத்தினா மேக்னிஃபையர் வரும், அதுல கண்ட்ரோல், ஆல்ட், ஐ மூணையும் சேத்து அழுத்தினா வெள்ளைப் பக்கம் கறுப்பாகும், எழுத்து வெள்ளையாகும். இவ்வளவு பெரிய வெள்ளைத் திரையை 1 மீட்டர்ல பாத்தா கண்ணு கூசும், அதனால இது அவசியம், டிவியோட வெளிச்சத்தையும் பாதியாக் குறைச்சாச்சு. வயர்லெஸ் கீபோர்டுல அந்த மூணு கீயில சிவப்பு ஸ்டிக்கர்.

1998 பொங்கல் அன்னைக்குத் தொடங்கின மதுரைத் திட்டத்துல இருந்து எடுத்த நூல்கள் வேணுங்கிற அளவுக்கு எழுத்தைப் பெருசாக்கும், ஏன்னா அது தட்டச்சு செஞ்ச எழுத்து. தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்னூலகத்துல இருக்கிறது பழைய அச்சுப் புத்தகத்தோட படம். அதைப் பெருசாக்கினா காகிதத்தோட கறையும் சேந்து பெருசாகும். அப்பாவுக்கு ரெண்டாவதுதான் பிடிச்சிருக்கு. முதல்ல தேடச் சொன்னது கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையோட நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம். கவிமணி 1876ல தேரூர்ல பிறந்தவர், எங்க வீட்ல இருந்து பஸ்ல போற தூரம். சொத்து மகனுக்கு இல்லாம மருமகனுக்குப் போன அந்தக் காலத்து முறையை நக்கலும் அழுகையுமா எழுதினது. அப்பா ஒரு மணி நேரம் படிச்சார். நடுவுல வாய்விட்டுச் சிரிச்சார். "கொள்ளாம் மக்கா, ஒற்றெழுத்துப் புள்ளி கூட தெரியுது"ன்னார். அந்தப் புள்ளிக்காகத்தான் பிசி மோட் தேடினதுன்னு நான் விளக்கப் போகல.

இன்னும் ரெண்டு மூணு

சத்தம் வரலேன்னா கம்ப்யூட்டர்ல வலது கீழ் மூலையில ஸ்பீக்கர் படத்தை அழுத்தி, டிவியோட பேரைத் தேர்ந்தெடுங்க. பத்துக்கு ஒன்பது கேஸ் அதுலயே முடியும்.

வயரே வேண்டாம், வைஃபைல அனுப்பலாமேன்னு கேட்கிறவங்களுக்கு: வீடியோ பாக்க நல்லா இருக்கும். மவுஸ் பிடிச்சு வேலை பாத்தா ஒவ்வொரு அசைவும் தாமதமா வரும், எழுத்தும் சுருக்கி அனுப்பினதால இழையும். படிக்கிறதுக்கு கேபிள்தான். ஆனா இடி விழுற ராத்திரி எச்டிஎம்ஐயைக் கழட்டிட்டு சினிமாவுக்கு வைஃபை வச்சுக்கலாமான்னா, கூடாது, அன்னைக்கு டிவியையே உருவி வைங்க.

டெஸ்க்டாப்புக்கு யூபிஎஸ் வச்சிருந்தா டிவியையும் அதே யூபிஎஸ்ல மாட்டுங்க. இதைப் பலபேர் யோசிக்கிறதில்ல. கரண்ட் போனா கம்ப்யூட்டர் ஓடிக்கிட்டே இருக்கும், டிவி அணைஞ்சிருக்கும், சேவ் பண்ண எதுவும் தெரியாது. 43 இஞ்ச் டிவி 100 வாட்ஸ் பக்கம்தான் எடுக்கும், 600 விஏ யூபிஎஸ் இந்தப் பழைய டெஸ்க்டாப்போட சேத்து சில நிமிஷம் தாங்கும். அந்த யூபிஎஸ் மாட்டுற சாக்கெட்டுலயும் எர்த்து இருக்கான்னு பாத்துக்கோங்க.

டிவி ரிமோட்ல அணைச்சா கம்ப்யூட்டர் அணையாது, சாதாரண டெஸ்க்டாப்புக்கு அந்தப் பேச்சுவார்த்தை தெரியாது. அரை மணி நேரத்துல தானா தூங்குற மாதிரி வச்சுடுங்க.

உங்க வீட்ல எந்த டிவி, பின்னாடி என்னென்ன ஓட்டைன்னு ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. அடுத்த வாரம் அதையெல்லாம் வச்சுப் பேசலாம். வரேன் மக்களே.